முதலில் அவர்கள் மாட்டிக்கொள்ளட்டும்

"பாத்தியளா, அந்தப் பிள்ளை நம்மள எட்டிக்கூடப் பாக்கல. தனக்கு ஒண்ணை மாட்டிக்கிட்டு அப்படியே உக்காந்துட்டா." கொச்சி விமான நிலையத்தில் மாற்றுப் பேருந்துக்காக நின்ற வரிசையில், மார்த்தாண்டம் பக்கத்து அக்கா ஒருவர் சொன்னது இது. சுற்றி நின்றவர்கள் எல்லாரும் ஆமாம் போட்டார்கள். வளைகுடாவிலிருந்து திருவனந்தபுரம் வரவேண்டிய விமானம், நடுவானில் உள்ளே காற்றழுத்தம் குறைந்து ஆக்சிஜன் மாஸ்க்குகள் விழுந்ததால், எங்களைக் கொச்சியில் இறக்கிவிட்டிருந்தது. பசி, தூக்கக் கலக்கம், பெட்டி எப்போது வரும் என்று தெரியாத எரிச்சல். யார் மேலாவது கோபப்பட்டே ஆகவேண்டிய நேரம். அந்தப் பணிப்பெண்ணைத்தான் எல்லாரும் கண்ணால் பார்த்திருந்தார்கள்.

நான் நாகர்கோவில் வந்து சேர்வதற்குள் கதை எனக்கு முன்னாலேயே வந்துவிட்டது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் விமானம் "விழுந்து" முடிந்திருந்தது. பைலட் ஒரு வார்த்தை பேசவில்லையாம், வேலை பார்க்கிற பிள்ளைகள் முதலில் தங்கள் உயிரைக் காப்பாற்றிக்கொண்டார்களாம். வடசேரியில் நான் வழக்கமாக டீ குடிக்கும் கடையில், இதுவரை விமானத்தில் கால் வைக்காத அண்ணாச்சி ஒருவர் தீர்ப்பே எழுதிவிட்டார்: "கப்பல் முங்கினா கேப்டன் கடைசியாத்தான் இறங்கணும். இது என்ன ஞாயம், பயணிக்கு முன்னால வேலைக்காரன் மாஸ்க்கை மாட்டுகது?" மூன்று கடல் சேருகிற மாவட்டத்தில் இந்த வாதத்துக்கு எடை அதிகம். யாரும் எதிர்த்துப் பேசவில்லை. எனக்கு மட்டும் அந்தத் தீர்ப்பு எங்கோ இடறிக்கொண்டே இருந்தது. அந்தப் பெண்ணின் முகத்தை நான் பக்கவாட்டில் பார்த்திருந்தேன். பயந்து ஓடி ஒளிகிறவளின் முகமாக அது இல்லை. பழகிய வேலையைச் செய்கிறவளின் முகமாக இருந்தது.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விடியற்காலை. அரபிக்கடலுக்கு மேலே வந்துகொண்டிருந்தோம், கேரளக் கரை இன்னும் வரவில்லை. சாப்பாட்டுத் தட்டுகளை எடுக்கத் தள்ளுவண்டி வந்தது. முதலில் காது அடைத்தது. அதற்குள் இறங்கத் தொடங்கிவிட்டார்களா என்று யோசிக்கும்போதே தலைக்கு மேலிருந்த மூடிகள் வரிசையாகத் திறந்து, மஞ்சள் குவளைகள் கயிற்றில் தொங்கின. பதிவு செய்த குரல் ஒன்று ஆங்கிலத்திலும் இந்தியிலும் ஏதோ சொன்னது. விமானத்தின் மூக்கு கீழே சாய்ந்தது, இறக்கையின் மேல் பலகைகள் எழும்பி நிற்க, உடம்பெல்லாம் அதிரும்படி ஒரு நடுக்கம். ஒரு குழந்தை அழுதது, பிறகு எல்லாக் குழந்தைகளும். லேசாகக் கருகிய வாசனை வந்ததும் பின்னாலிருந்து யாரோ "தீப்பிடிச்சிட்டு" என்று கத்தினார். பணிப்பெண் தள்ளுவண்டியின் பிரேக்கை மிதித்தாள். எனக்கு இரண்டு வரிசை முன்னால் காலியாக இருந்த இருக்கையில் சட்டென்று உட்கார்ந்து, மாஸ்க்கை இழுத்து மாட்டி, பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள். யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. அது உண்மைதான்.

என் பக்கத்து இருக்கையில் குளச்சல் பக்கத்துக்காரர் ஒருவர் இருந்தார். வயது அறுபதை நெருங்கும். அங்கே அரபி முதலாளியின் படகில் மீன்பிடிக்கப் போய்த் திரும்புகிறவர். அவருக்கு அந்தக் குவளையை என்ன செய்வது என்று தெரியவில்லை. தொங்குகிற இடத்துக்கே எக்கி முகத்தைக் கொண்டுபோனார். அதை இழுக்க வேண்டும் என்று யாரும் அவருக்குப் புரியும்படி சொன்னதில்லை. ஜன்னலோரத்துப் பையன் தன்னுடையதை வெடுக்கென்று இழுத்தான், நான் பெரியவருடையதை இழுத்து அவர் முகத்தில் வைத்தேன். "பை ஊதலியே மக்ளே, இதுல காத்து வருதா?" என்று உள்ளிருந்தபடியே கேட்டார். வருகிறது என்று தலையசைத்தேன். சில நிமிடங்களில் விமானம் நேரானது. அதன்பின் பணியாளர்கள் சிறிய சிலிண்டர்களைத் தோளில் மாட்டிக்கொண்டு வரிசை வரிசையாக வந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்கள். முன்னால் உட்கார்ந்திருந்த அதே பெண் ஒரு பாட்டியின் பக்கத்தில் வெகுநேரம் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தாள். கொச்சி வரிசையில் இதை யாரும் சொல்லவில்லை.

ஊட்டிக் காற்று

காற்று விஷயத்தைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் மீதி புரியாது. 36,000 அடி உயரத்தில் வெளியே காற்றழுத்தம் நம் கடற்கரையில் இருப்பதில் கால் பங்குக்கும் குறைவு. ஆக்சிஜனின் விகிதம் அங்கேயும் ஏறக்குறைய 21 சதவீதம்தான், ஆனால் அதை ரத்தத்துக்குள் தள்ளப் போதுமான அழுத்தம் கிடையாது. எனவே பெரும்பாலான விமானங்களில் எஞ்சினுக்குள் அழுத்தப்படும் காற்றில் ஒரு பகுதியை எடுத்து, குளிரவைத்து, கேபினுக்குள் விட்டுக்கொண்டே இருக்கிறார்கள். வால் பக்கத்தில் ஒரு வால்வு வேண்டிய அளவுக்குத் திறந்து மூடி அதை வெளியே விடுகிறது. பொத்தல் விழுந்த டியூபுக்கு நிறுத்தாமல் காற்றடிப்பதைப் போல. என்ன, இந்தப் பொத்தல் வேண்டுமென்றே போட்டது, அதன் அளவும் நம் கையில் இருக்கிறது. இத்தனையும் செய்து உள்ளே நமக்குக் கிடைப்பது கடற்கரைக் காற்று அல்ல. அதிகபட்சம் 8,000 அடி உயரத்துக் காற்று, அதாவது ஊட்டியைவிடச் சற்று மேலே நின்று மூச்சுவிடுவது மாதிரி. போயிங் 787 போன்ற புதியவற்றில் 6,000 அடி அளவுக்கு வைத்துக்கொள்ள முடிகிறது.

இதில் கோளாறு என்றால் சினிமாவில் வருகிற மாதிரி சுவர் கிழிந்து ஆள் பறப்பதுதான் நம் மனதில் வரும். அப்படியும் நடந்திருக்கிறது. ஆனால் உள்ளே வரும் காற்று குறைந்துபோவது, வால்வு சொன்னபடி கேட்காதது, கதவின் ஓரத்தில் கசிவது என்று சத்தமில்லாமல் வருகிற கோளாறும் உண்டு. உள்ளே இருக்கிற "உயரம்" மெல்ல ஏறும். ஏறக்குறைய 10,000 அடியைத் தாண்டினால் விமானிகளுக்கு எச்சரிக்கை ஒலிக்கும். 14,000 அடியை நெருங்கினால் பயணிகளின் மாஸ்க்குகள் தாமாகவே விழும். எங்கள் விமானத்தில் என்ன பழுது என்று கடைசிவரை சொல்லவில்லை. காது முன்பே அடைத்ததை வைத்துப் பார்த்தால் அதுவும் மெல்லக் கசிந்த வகையாகத்தான் இருக்க வேண்டும்.

கருகிய வாசனைக்கும் காரணம் இருக்கிறது. நமக்கு மேலே இருக்கும் பெட்டிக்குள் பெரும்பாலும் ஆக்சிஜன் சிலிண்டர் கிடையாது, ஒரு ரசாயனக் குப்பிதான் இருக்கிறது. மாஸ்க்கை இழுக்கும்போது ஒரு ஊசி பிடுங்கப்பட்டு, உள்ளே சோடியம் குளோரேட் வினைபுரிந்து ஆக்சிஜனை வெளியிடத் தொடங்குகிறது. அந்தச் சூட்டில் தூசும் பூச்சும் வாசனை கிளப்பும். ஒருமுறை தொடங்கினால் நிறுத்த முடியாது, 12 நிமிடம் அல்லது அதற்குக் கொஞ்சம் மேலே வரும். பை ஊத வேண்டும் என்ற அவசியமும் இல்லை. இத்தகைய பெட்டிகளில் ஒருவர் இழுத்தாலே அந்த வரிசை முழுவதற்கும் ஓடத் தொடங்கிவிடும் என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். ஆக, குளச்சல்காரருக்குக் காற்றைத் திறந்துவிட்டது ஜன்னலோரத்துப் பையனின் பதற்றம். 12 நிமிடம் போதுமா என்றால், போதும். அதற்குள் மாஸ்க் இல்லாமலே மூச்சுவிடும் உயரத்துக்கு விமானத்தைக் கொண்டுவந்துவிடுவார்கள் என்ற கணக்கில்தான் அந்தக் குப்பியே செய்யப்பட்டிருக்கிறது. நாம் "விழுந்தோம்" என்று சொல்லிக்கொண்டிருந்தது அந்தக் கணக்கைத்தான்.

நின்றுகொண்டிருந்தவள்

கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாவுக்கு எங்கள் தெரு டீச்சரம்மாவின் மகள் ஊருக்கு வந்திருந்தாள். சில வருடங்கள் வெளிநாட்டு விமான நிறுவனம் ஒன்றில் கேபின் வேலை பார்த்து, கல்யாணத்துக்குப் பிறகு விட்டுவிட்டவள். திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது கொச்சிக் கதையைச் சொன்னேன். டீக்கடை அண்ணாச்சியின் கப்பல் வாதத்தையும் சொன்னேன், கொஞ்சம் சீண்டுகிற மாதிரிதான். அவள் சிரிக்கவில்லை.

"மாமா, அந்த நேரம் நீங்க என்ன செய்துகிட்டு இருந்திய?"

"உக்காந்திருந்தேன் மக்ளே."

"அவ?"

"தள்ளுவண்டியத் தள்ளிகிட்டு இருந்தா."

"அதான். நீங்க சும்மா சாஞ்சு உக்காந்திருந்திய. அவ நின்னுகிட்டு, குனிஞ்சு நிமிந்து, பாரத்தைத் தள்ளிகிட்டு இருந்தா. அசையுத உடம்புக்கு ஆக்சிஜன் சீக்கிரம் தீரும். அந்த விமானத்துல முதல்ல விழ வேண்டியது நீங்க இல்ல, அவதான். ஒவ்வொரு வரிசையா வந்து உங்களுக்கு மாட்டிவிட்டா எத்தனை பேருக்கு மாட்டுவா? நாலு? அஞ்சு? பொறவு நடுவழியில கிடப்பா. தரையில இறங்கின பொறவு கதவை யாரு திறப்பா, அண்ணாச்சியா?"

எனக்குள் இடறிக்கொண்டிருந்தது இதுதான் என்று அப்போதுதான் விளங்கியது. கப்பல் வாதம் ஒரு விஷயத்தை நம்பி நிற்கிறது: கேப்டனும் பயணியும் ஒரே அளவு ஆபத்தில் இருக்கிறார்கள், யார் முதலில் தப்பிப்பது என்பது மனசாட்சியைப் பொறுத்தது. கடலில் அது சரி. முங்குகிற படகில் தண்ணீர் கழுத்துக்கு வரும்வரை புத்தி வேலை செய்யும். மேலே அப்படி இல்லை. 35,000 அடியில் காற்று போய்விட்டால், உருப்படியாக ஒரு காரியம் செய்யும் அளவுக்குப் புத்தி நிற்பது அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம் வரைதான். 40,000 அடியில் 15, 20 நொடி. 25,000 அடியில் மூன்று முதல் ஐந்து நிமிடம் கிடைக்கலாம். காற்று திடீரென்று போனால் இதிலும் ஏறக்குறைய பாதியைக் கழித்துக்கொள்ள வேண்டும். இதெல்லாம் அசையாமல் உட்கார்ந்திருக்கும் உடம்புக்கான கணக்கு.

இதைவிடப் பொல்லாதது ஒன்று உண்டு. ஆக்சிஜன் குறைவது வலிக்காது. மூச்சுமுட்டல்கூடப் பலருக்குத் தெரிவதில்லை. விமானப்படைக்காரர்களை அறைக்குள் உட்காரவைத்து அழுத்தத்தைக் குறைத்துப் பழக்குகிற வசதி பெங்களூரில் விமானப்படையின் வான்மருத்துவக் கழகத்தில் இருக்கிறது. இத்தகைய பயிற்சிகளில் மாஸ்க்கைக் கழற்றச் சொல்லிவிட்டுக் கணக்குப் போடவோ பெயரெழுதவோ சொல்வார்கள். கையெழுத்து கோணலாகி, பிறகு கிறுக்கலாகும். எழுதுகிறவருக்கோ தான் நன்றாக எழுதுவதாகவே தோன்றும், சிலர் சிரிப்பார்கள். மாஸ்க்கை மாட்டிக்கொள் என்று சொன்னால் சரி சரி என்பார்கள், கை எழாது. தன் புத்தி மங்குகிறது என்று கண்டுகொள்ள வேண்டியதும் அதே புத்திதான், அதுதான் முதலில் போகிறது. இப்படிப்பட்ட நிலையில் "இந்த ஒரு குழந்தைக்கு மட்டும் மாட்டிவிட்டு எனக்கு மாட்டிக்கொள்கிறேன்" என்று ஒருத்தி நினைத்தால், அவள் நல்லவள்தான். ஆனால் அந்த நல்லெண்ணத்தால் அடுத்த வரிசைக்குப் பயனில்லை. அதனால் அவளுடைய நல்லெண்ணத்துக்கு அதை விடாமல், யோசிக்க இடமே வைக்காமல் பயிற்சி கொடுக்கிறார்கள்: பக்கத்தில் எது தொங்குகிறதோ அதை மாட்டு, பக்கத்தில் எந்த இருக்கையோ அதில் உட்கார், இருக்கை இல்லாவிட்டால் எதையாவது கெட்டியாகப் பிடி, தேவையானால் பயணியின் மடியிலேயே உட்கார். விமானியின் அறிவிப்புக்காகக் காத்திருக்காதே.

ஏன் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதற்கு ஒரு பழைய சம்பவம் இருக்கிறது. 1988 ஏப்ரல் 28 அன்று ஹவாய்த் தீவுகளில் அலோஹா ஏர்லைன்ஸ் 243 விமானம் 24,000 அடியில் போகும்போது முன்பக்கக் கூரை ஒரு பெரிய துண்டாகப் பிய்ந்து போனது. பயணிகள் பெல்ட் போட்டிருந்தார்கள். நடைபாதையில் நின்றுகொண்டிருந்த மூத்த பணிப்பெண் கிளாரபெல் லான்சிங் வெளியே இழுக்கப்பட்டார். இறந்தது அவர் ஒருவர்தான். இன்னொரு பணிப்பெண் காற்றுக்கு எதிராக நடைபாதையில் தவழ்ந்து தவழ்ந்து பயணிகளுக்கு உதவினார். திறந்த கூரையோடு விமானத்தை மாவி தீவில் இறக்கினார்கள். நிற்கிறவருக்குத்தான் ஆபத்து முதலில் என்று டீச்சரம்மா மகள் சொன்னதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

கதவுக்கு அந்தப் பக்கம்

அப்புறம் பைலட் பேசாத விஷயம். எங்கள் குடும்பக் குழுவில் அதிகம் திட்டு வாங்கியது இதுதான். விமானிகள் அறையின் (காக்பிட்) கதவுக்கு அந்தப் பக்கம் நடப்பதை வரிசையாகச் சொன்னால் மௌனத்தின் காரணம் தானாக விளங்கும். எச்சரிக்கை ஒலித்ததும் இரண்டு விமானிகளும் செய்கிற முதல் காரியம் மாஸ்க் மாட்டுவது. அவர்களுடையது நம்முடையது போன்ற மஞ்சள் குவளை அல்ல. ஒரு கையால் எடுத்து அழுத்தினால் பட்டை விரிந்து தலையைச் சுற்றிக்கொள்ளும், ஐந்து நொடிக்குள் மாட்டிவிடலாம், அதற்குத் தனிச் சிலிண்டரும் இருக்கிறது. அடுத்தது, மாஸ்க்குக்குள் இருக்கும் மைக்கை இயக்கி ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்கிறதா என்று பார்ப்பது. பிறகு கேபின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்த முடிகிறதா என்று பார்ப்பார்கள். முடியவில்லை என்றால் எஞ்சின் வேகத்தை அடியோடு குறைத்து, இறக்கை மேல் பலகைகளைத் தூக்கி, மூக்கைச் சாய்த்து இறங்குவார்கள். நாங்கள் உணர்ந்த அந்த நடுக்கம் இந்தப் பலகைகளால் வந்தது. விமானத்தின் உடலில் சேதம் இருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால் வேகத்தைக் கூட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தரைக்கட்டுப்பாட்டுக்கு "மேடே" என்று அபாய அழைப்பு சொல்லி, ஆபத்து என்று காட்டும் 7700 என்ற எண்ணை அனுப்பி, கீழே வேறு விமானங்கள் இருந்தால் வழியிலிருந்து விலகிப் போவார்கள். இத்தனையும் மூச்சிரைக்கும் சத்தத்தோடு மாஸ்க்குக்குள்ளிருந்து. ஓட்டு, வழி பார், அப்புறம் பேசு என்பது அந்தத் தொழிலின் அரிச்சுவடி. பேசுவதிலும் தரைக்கட்டுப்பாடு முதலில், நாம் கடைசி.

எவ்வளவு தூரம் இறங்குவது என்பதும் முன்பே முடிவானது: 10,000 அடி, அல்லது கீழே மலை இருந்தால் மலையைத் தாண்டி நிற்கும் உயரம், இரண்டில் எது அதிகமோ அது. தென்னிந்தியாவில் இந்தக் கவலை குறைவு. நம் மேற்குத்தொடர்ச்சி மலையில் மிக உயரமான ஆனைமுடியே 2,695 மீட்டர்தான், 9,000 அடிக்குக் கீழே. சீனாவில் 2018 மே மாதம் சிச்சுவான் ஏர்லைன்ஸ் விமானத்தில் காக்பிட் கண்ணாடியே உடைந்து துணை விமானி பாதி வெளியே இழுக்கப்பட்டபோது, கீழே திபெத் பீடபூமியின் மலைகள் இருந்ததால் கேப்டன் லியு சுவான்ஜியனால் நினைத்தபடி ஒரேயடியாக இறங்க முடியவில்லை. ஆனாலும் எல்லாரையும் செங்டுவில் இறக்கினார். எங்களைக் கொச்சியில் இறக்கியதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. 10,000 அடியில் காற்று அடர்த்தி அதிகம், எரிபொருள் மளமளவென்று தீரும். அழுத்தம் இல்லாத விமானத்தை, ஊர் இன்னும் கொஞ்சதூரம்தான் என்று ஓட்டிக்கொண்டு வருவதற்கு அது கேரள அரசுப் பேருந்து அல்ல.

மாஸ்க்கை முதலில் மாட்டாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணமாகப் பயிற்சியில் சொல்லப்படும் பெயர் ஹீலியோஸ் என்ற விமான நிறுவனத்துடையது. 2005 ஆகஸ்ட் 14, சைப்ரஸின் லார்நாக்காவிலிருந்து ஏதென்ஸ் வழியாகப் பிராக் போகவேண்டிய போயிங் 737. முந்தைய பராமரிப்பின்போது அழுத்தக் கட்டுப்பாட்டைத் தானியங்கியிலிருந்து கைமுறைக்கு மாற்றியவர்கள் திரும்ப மாற்றவில்லை. விமானிகளின் சரிபார்ப்புகளிலும் அது தப்பிப்போனது. மேலே ஏறும்போது எச்சரிக்கை ஒலித்தது. அந்த வகை விமானத்தில் அதே ஒலிதான் புறப்பாட்டுக் கோளாறுக்கும் பயன்பட்டது. அவர்கள் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். மாஸ்க் மாட்டவில்லை. நிறுவனத்தின் தரைப்பிரிவோடு குளிரூட்டும் கருவியைப் பற்றிப் பேசிக்கொண்டே நினைவிழந்தார்கள். தானியங்கி, விமானத்தை 34,000 அடிக்கு ஏற்றி, ஏதென்ஸ் வரை கொண்டுபோய், வட்டமடித்துக்கொண்டிருந்தது. எரிபொருள் தீர்ந்து மலையில் விழுந்தது, 121 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. கூடவே பறந்த கிரேக்கப் போர்விமானிகள் கடைசி நேரத்தில் ஒருவர் காக்பிட்டுக்குள் வருவதைப் பார்த்தார்கள். அது ஆந்திரேயாஸ் புரோத்ரோமு, விமானப் பணியாளர். அத்தனை நேரம் புத்தியோடு நிற்க முடிந்ததற்குக் காரணம் அவரிடம் இருந்த கையடக்க ஆக்சிஜன் என்றுதான் கருதுகிறார்கள். அந்த விமானத்தில் ஏதாவது செய்யக்கூடிய நிலையில் இருந்தவர், தனக்கு ஆக்சிஜன் மாட்டிக்கொண்ட பணியாளர். இதற்குப் பிறகு 737-களில் அழுத்தக் கோளாறுக்குத் தனி விளக்குகள் வைத்தார்கள். மாஸ்க் விழுந்தும் விமானம் இறங்கவில்லை என்றால் காக்பிட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்பதையும் பல நிறுவனங்கள் பணியாளர்களுக்குச் சொல்லித்தருகின்றன.

அதற்காகப் பணியாளர்கள் தவறே செய்யாதவர்கள் என்று நான் வக்காலத்து வாங்கவில்லை. 2018 செப்டம்பர் 20 அன்று மும்பையிலிருந்து ஜெய்ப்பூர் புறப்பட்ட ஜெட் ஏர்வேஸ் விமானத்தில் எஞ்சின் காற்றைக் கேபினுக்குள் விடும் சுவிட்சைப் போட மறந்தே மேலே ஏறினார்கள். 166 பயணிகளில் 30 பேருக்கு மூக்கிலும் காதிலும் கோளாறு, சிலருக்கு ரத்தமே வந்தது. மாஸ்க் விழுந்து, திரும்ப மும்பைக்கே வந்தார்கள். அது அவர்கள் தப்புதான், வேலையிலிருந்து ஒதுக்கியும் வைத்தார்கள். நான் சொல்வது மாஸ்க் விழுந்த பிறகு வரும் அந்த முதல் சில நிமிடங்களைப் பற்றி மட்டும். அந்த நிமிடங்களில் நம்மைப் பார்க்காமல் இருப்பதுதான் அவர்கள் நம்மைப் பார்த்துக்கொள்ளும் விதம். இதை டீக்கடையில் சொல்லிப் பார்த்தேன். அண்ணாச்சி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப கப்பல்ல?" என்றார். கப்பல்ல நீங்க சொன்னதுதான் அண்ணாச்சி என்றேன். சமாதானம்.

ஆனால் புறப்படும் முன்

எனக்குத் தீராத கோபம் வேறு இடத்தில் இருக்கிறது. முதல் நிமிடங்களின் மௌனத்தை ஏற்றுக்கொண்டாயிற்று. அந்த மௌனம் நியாயமாக வேண்டுமானால், சொல்ல வேண்டியதை எல்லாம் முன்பே சொல்லியிருக்க வேண்டும். குளச்சல்காரருக்குச் சொன்னார்களா? புறப்படும்போது ஒரு பெண் நடுவில் நின்று மாஸ்க்கைக் காட்டினாள், ஒலிபெருக்கி ஆங்கிலத்திலும் இந்தியிலும் ஓடியது. திருவனந்தபுரத்துக்கு வரும் வளைகுடா விமானத்தில் யார் இருப்பார்கள் என்பது ஊருக்கே தெரியும். தெற்குக் கேரளத்துக்காரர்கள், களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் மார்த்தாண்டம், தக்கலை, குளச்சல், நாகர்கோவில்காரர்கள். எங்கள் மாவட்டத்துக்குப் பக்கத்து விமான நிலையமே அதுதான். மலையாளமும் தமிழும் தெரிந்தவர்கள் நிரம்பிய விமானத்தில், உயிரைக் காக்கும் ஒரே வாக்கியம் வேறு இரண்டு மொழிகளில் வருகிறது. "இழு" என்பதுதான் அந்த வாக்கியம். நாற்பது வருடமாக வலை இழுத்த கைக்கு அதைச் சொல்ல ஆளில்லை.

டீச்சரம்மா மகளிடம் இதையும் கேட்டேன். மாஸ்க் விழுந்த பிறகு நாலு மொழியில் அறிவிப்பு ஓடவிட்டால் என்ன என்றேன். கூடாது என்றாள். "மூணாவது மொழி வரதுக்குள்ள ஆள் மயங்கிருவான் மாமா. அந்த நேரம் கத்தவேண்டியது ரெண்டே சொல்லு. மீதியெல்லாம் தரையில இருக்கும்போதே சொல்லணும்." அமெரிக்காவில் 2018 ஏப்ரலில் சவுத்வெஸ்ட் 1380 விமானத்தில் எஞ்சின் சிதறி ஜன்னல் உடைந்தபோது பயணி ஒருவர் எடுத்த படத்தில், பலர் மாஸ்க்கை வாய்க்கு மட்டும் வைத்து மூக்கை வெளியே விட்டிருந்தார்கள் என்பதையும் நினைவுபடுத்தினாள். சொந்த மொழியில் கேட்டும் கவனிக்காதவர்கள். ஆக மொழி மட்டும் போதாது என்பது உண்மை. ஆனால் கவனிக்காதவனையும், கவனித்தும் புரியாதவனையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. குளச்சல்காரர் அந்தப் பெண் செய்துகாட்டியதை ஆரம்பத்திலிருந்து முடிவுவரை பார்த்துக்கொண்டிருந்தார். இருக்கைப் பையிலிருந்த அட்டையையும் எடுத்துப் புரட்டினார். அவளும் மாஸ்க்கைக் கையில் பிடித்து முகத்துக்கு நேராகக் காட்டினாளே தவிர, மேலேயிருந்து இழுத்துக் காட்ட அங்கே எதுவும் தொங்கவில்லை.

எங்கள் கடற்கரையில் இந்தக் கேள்வி புதிதல்ல. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது ஆழ்கடலில் கிடந்தவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. எச்சரிக்கை கொடுத்தோம் என்று ஒரு பக்கம் காகிதம் காட்டினார்கள், எங்களுக்கு வரவில்லை என்று மறுபக்கம் தூத்தூரிலும் சின்னத்துறையிலும் அழுதார்கள். சொல்லிவிட்டோம் என்பதோடு சொல்பவரின் கடமை முடிகிறதா, கேட்பவரிடம் சேரும்போது முடிகிறதா என்பதில் எனக்கு அன்றிலிருந்து சந்தேகமே இல்லை. விமானத்தில் இது அதைவிட எளிது. கேட்க வேண்டியவர்கள் அத்தனை பேரும் கதவைச் சாத்திய ஓர் அறைக்குள் பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள், எந்த ஊருக்குப் போகிறார்கள் என்பதும் டிக்கெட்டிலேயே இருக்கிறது. பதிவு செய்த குரல்தானே, இன்னும் இரண்டு மொழியில் பதிந்து, கதவை மூடியதும் ஓடவிட என்ன செலவு ஆகிவிடும்?

அந்த விமான நிறுவனத்துக்கு இதை மின்னஞ்சலில் எழுதினேன். பணிப்பெண் செய்தது சரி, அந்தப் பாட்டியைக் கவனித்துக்கொண்டது மிகச் சரி என்று முதல் பத்தியில் சொல்லிவிட்டு, இரண்டாம் பத்தியில் மொழி விஷயத்தை எழுதினேன். என் கருத்து அவர்களுக்கு மிக முக்கியமானது என்று பதில் வந்தது. பயணத்தில் ஏற்பட்ட தாமதத்துக்கு வருத்தம் தெரிவித்து, அடுத்த டிக்கெட்டில் ஒரு சிறிய தள்ளுபடியும் கொடுத்திருந்தார்கள். மொழியைப் பற்றி ஒன்றும் இல்லை. மறுபடியும் எழுதியிருக்கிறேன், இந்த முறை இரண்டாம் பத்தியை மட்டும்.